காலைக் குளிரும் மோட்டார் காரும்

வைகறைப் பொழுதில் வாயிலில் நிற்கும் காரிலே ஏறித் திறப்பைத் திருகுகின்றோம். கார் இருமுகின்றது, உடல் முழுதும் நடுங்குகின்றது, இதோ நின்றுவிடப்போகின்றது என்று நாம் அஞ்சும்படி தள்ளாடுகின்றது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழிந்தபின், ஒன்றுமே நடவாததுபோல அமைதியாக ஓடத் தொடங்குகின்றது. மாலையிலே அதனைக் கராஜுக்குக் கொண்டுசென்று காட்டினால், அங்கே அது ஒரு குற்றமும் அறியாத குழந்தைபோல நடந்துகொள்கின்றது. "இதற்கு ஒன்றுமில்லையே" என்று மெக்கானிக் கூறிவிடுகின்றார். அல்லது, இதனினும் கொடியது, ஊகத்தின்பேரில் ஒவ்வோர் உறுப்பாக மாற்றப்படுகின்றது. கைப்பணம் கரைகின்றது. மறுநாட் காலையிலும் அதே இருமல் கேட்கின்றது.

இவ்வொரு நிமிடத் தள்ளாட்டத்துக்கு 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர் தம் காரின் குறையை விரைந்து கண்டுகொள்வர். அறியாதவர் அதனை விலைகொடுத்தே கற்றுக்கொள்வர். அதனையே இன்று சிறிது நோக்குவோம்.

பெற்றோல் எஞ்சினுக்கு வேண்டுவன மூன்று: தக்க அளவு பெற்றோல் ஆவி, தக்க அளவு காற்று, தக்க கணத்திலே ஒரு தீப்பொறி. இவற்றுள் ஆவி என்ற சொல்லை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். திரவமாயிருக்கும் பெற்றோல் சிலிண்டரினுள் ஒழுங்காக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எஞ்சின் சூடாயிருக்கும்போது ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற நிறை அளவு பொருந்தும். இரவு முழுதும் குளிர்ந்து கிடந்த எஞ்சினிலோ, உள்ளே செல்லும் பெற்றோலிற் பெரும்பகுதி குழாய்ச் சுவரிலும் சிலிண்டர்ச் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்கின்றது, ஆவியாவது சிறுபகுதியே. ஆதலின் குளிர்ந்த எஞ்சினுக்கு வழக்கத்தினும் மிகுதியான பெற்றோலை ஊட்டுதல் அவசியம். அதே வேளையில் எண்ணெய் தடித்திருக்கின்றது. பற்றறியின் வலுவும் குறைந்திருக்கின்றது. எஞ்சினின் நாள் முழுதிலும் மிகக் கடினமான நிமிடம் அதன் முதல் நிமிடமே. மறைந்து கிடக்கும் குறை எதுவாயினும் அப்பொழுதே தலைகாட்டும்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் அறியாதவாறு, அவர் படைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டியைத் தம் இரு ஆண்மக்களுடன் எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். உலகில் மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் என்று போற்றப்படுவது இதுவே. வழியிலே எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தமது தொப்பியூசியால் அதனைத் துப்புரவாக்கினார். தீப்பொறிக்குச் செல்லும் மின்கம்பியின் உறை பழுதுற்றது. தமது காலுறைப் பட்டியைச் சுற்றி மின்னொழுக்கைத் தடுத்தார். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ரொயின் என்ற இலேசான எண்ணெயை வாங்கி ஊற்றினார்.

கராஜ் என்ற ஒன்று உலகத்திலே தோன்றாத காலம் அது. எனினும் அவர் செய்தவற்றைக் கூர்ந்து நோக்குங்கள். எரிபொருள் வருகின்றதா என்று பார்த்தார்; தீப்பொறி வருகின்றதா என்று பார்த்தார்; குறையிருந்த இடத்திலே கைவைத்தார்; குறையில்லாத இடத்தைத் தொடவில்லை. பழுது பார்க்கும் கலையின் முதற்பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

அக்காலத்து வண்டிகளைக் கிளப்புதல் உடல்வலிமைக்குரிய வேலையாயிருந்தது. பென்ஸின் வண்டியிலே கனத்த சக்கரம் ஒன்றைக் கையாற் சுற்றவேண்டும். பின்வந்த கார்களில் முன்புறத்தே இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுழற்றவேண்டும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான ஃபோர்ட் 'மொடல் ரி' காரை எடுத்துக்கொள்வோம். சுக்கானின் இடப்புறத்தில் தீப்பொறியின் நேரத்தை முன்பின்னாக்கும் நெம்புகோல் ஒன்று இருந்தது. ஹாண்டிலைச் சுழற்றுமுன் அதனைப் பின்தள்ளி வைத்தல் வேண்டும். மறந்துவிட்டால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னரே தீப்பொறி தோன்றி, எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். அந்த உதையிலே மணிக்கட்டு முறிந்தோர் பலர். ஆதலினாலேயே ஹாண்டிலைக் கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்கவேண்டும் என்றும், பெருவிரலால் அதனைச் சுற்றிப் பற்றாமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கவேண்டும் என்றும் அனுபவசாலிகள் புதியவர்க்குச் சொல்லிக்கொடுத்தனர்.

இந்த உதை ஓர் உயிரையே கொண்டது என்று மோட்டார் உலகில் நெடுங்காலமாக ஒரு கதை வழங்குகின்றது. அமெரிக்காவில் கார் உற்பத்தியாளராயிருந்த பைரன் கார்ட்டர் என்பவர், வழியிலே நின்றுபோன ஒரு பெண்மணியின் காரைக் கிளப்ப உதவியபோது, ஹாண்டில் திருப்பி அடித்துத் தாடை முறிந்தது. அதன் விளைவாகவே அவர் மாண்டார். அவருடைய நண்பரான கடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்ட், இனி என் கார் எவரையும் கொல்லக்கூடாது என்று உறுதிபூண்டார் என்பதே அக்கதை. கார்ட்டர் 1908இல் மறைந்தார் என்பது வரலாறு. கதையின் நுணுக்கங்கள் எவ்வாறாயினும், ஹாண்டிலின் ஆபத்து மெய். அதற்கொரு மாற்றுக் காண லீலண்ட் விரும்பியதும் மெய்.

அம்மாற்றைக் கண்டவர் ஒஹாயோ மாநிலத்து டேற்றன் நகரிலிருந்த சார்ள்ஸ் கெற்றரிங் என்னும் பொறியியலாளர். காரைச் சுழற்றவல்ல மின்மோட்டாரைச் செய்தால் அது காரளவு பெரிதாகிவிடும் என்று பலர் கருதியிருந்தனர். கெற்றரிங் அதற்கு முன்னர்க் கடைகளிற் பணம் பதியும் இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். அங்கே அவர் அறிந்த உண்மை ஒன்று உண்டு: சில விநாடிகள் மாத்திரம் உழைக்கவேண்டிய மோட்டார், நாள் முழுதும் உழைக்கும் மோட்டாரைப்போலப் பெரிதாயிருக்க வேண்டியதில்லை; சிறு மோட்டாரின் மீது பெருஞ்சுமையைச் சில கணங்கள் ஏற்றலாம்; பின்னர் அது ஆறிவிடும். 1911 பெப்ரவரியில் அவர் தமது ஸ்டார்ட்டரை லீலண்டுக்கு இயக்கிக் காட்டினார். 1912ஆம் ஆண்டுக்கான கடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. ஹாண்டிலின் கொடுமையிலிருந்து கைகள் விடுதலைபெற்றன. உடல்வலிமை குறைந்தோரும் முதியோரும் பிறர் துணையின்றித் தாமே காரோட்டும் காலம் அதனோடு விரிந்தது.

இவ்வரலாற்றின் அடுத்த ஏடு நம்முடைய பொருளுக்கு மிக நெருங்கியது. கெற்றரிங்கின் மின்னமைப்பைப் பெற்ற கார்களில் எஞ்சின் சிலவேளை 'டக் டக்' என்று தட்டும் ஓசை எழுந்தது. உடனே பலர், பற்றறியால் வரும் புதிய தீப்பொறியே இதற்குக் காரணம் என்று கெற்றரிங் மீது பழிசுமத்தினர். புதிதாக வந்ததைக் குற்றவாளியாக்குதல் மனிதர்க்கு எளிதன்றோ? கெற்றரிங் அதனை மறுத்து வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை, ஆராய்ந்தார். 1916 முதல் அவருடைய உதவியாளர் தோமஸ் மிட்ஜ்லி இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். குறை தீப்பொறியில் இல்லை, எரிபொருளில் உண்டு என்பது தெளிவாயிற்று: அமுக்கத்தைத் தாங்கமாட்டாத பெற்றோல் முறைதவறி வெடித்தமையே அந்த ஓசை. காரணம் கண்டது பெருஞ்சாதனை.

ஆனால் மருந்து என்னவாயிற்று? 1921 டிசம்பர் 9ஆம் தேதி, ஈயச் சேர்வை ஒன்றைச் சிறிதளவு பெற்றோலிற் கலந்தால் ஓசை அடங்கும் என்று கண்டனர். ஈயம் நஞ்சு என்பது அக்காலத்திலும் அறியாத செய்தியன்று. 1924 அக்டோபரில் நியூ ஜேர்சி மாநிலத்திலே அச்சேர்வையைத் தயாரித்த ஆலையொன்றில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். அதன் பின்னரும் ஈயப் பெற்றோல் உலகெங்கும் பரவி, குழந்தைகளின் குருதியிலும் கலந்தது. கார்களுக்கான ஈயப் பெற்றோல் உலகின் கடைசி நாட்டிலும் நின்றது 2021ஆம் ஆண்டிலேயே. நோயை அறிந்து, அதன் மூலத்தையும் அறிந்து, அதற்குப் பொருந்தும் வழியால் தீர்க்கவேண்டும் என்று வைத்தியனுக்கு வள்ளுவர் வகுத்த ஒழுங்கு இங்கே நினைவுக்கு வருகின்றது. முதலிரு படிகளையும் செம்மையாகக் கடந்தவர்கள் மூன்றாம் படியிலே தவறினர். அத்தவற்றுக்கு விலை கொடுத்தவர்களோ பிறர்.

இனி நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய கார்களுக்கு வருவோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் காரை இலங்கையில் அறியாதார் இலர். அதிலே ஸ்டார்ட்டர் இருந்தது. அது கைவிட்டால் உதவுவதற்கு ஹாண்டிலும் இருந்தது. முகப்புப் பலகையில் சோக் என்ற குமிழ் ஒன்று உண்டு. குமிழை இழுத்தால் காபரேற்றரின் எரிபொருட் குழல் கீழிறங்கி, மிகுதியான பெற்றோலுக்கு வழிவிடும். கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், உறைபனி விழும் ஜனவரிக் காலையிலே அதனை நன்றாக இழுக்கவேண்டும். எஞ்சின் சூடேறச் சூடேறச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளவேண்டும். முன்னரே தள்ளினால் எஞ்சின் நின்றுவிடும். மறந்து இழுத்தபடியே ஓடினால் கரும்புகை எழும், பிளக்குகள் கரிபிடிக்கும். எவ்வளவு இழுப்பது, எப்பொழுது தள்ளுவது என்பதைச் சாரதியின் செவியே தீர்மானித்தது.

அச்செவிக்கு வேறு வேலைகளும் இருந்தன. மொறிஸ் மைனரிலே திறப்பைத் திருப்பியவுடன் பெற்றோல் பம்பு 'டிக் டிக்' என்று அடிக்கும். காபரேற்றரின் கிண்ணம் நிறைந்தவுடன் ஓயும். ஓசையே இல்லையெனின் பம்பின் மின்முனைகள் அழுக்கேறிவிட்டன என்று ஊகிக்கலாம். ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால், தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று நுழைகின்றது, அல்லது கிண்ணத்தின் ஊசி அடைக்கவில்லை. பம்பு ஒழுங்காயின் அடுத்துத் தீப்பொறியைப் பார்க்கவேண்டும்: டிஸ்றிபியூற்றரின் முனைகளுக்கிடையே 0.4 மில்லிமீற்றர் அளவு இடைவெளி உண்டா, பிளக் ஈரமா, வெண்மையா, கரியா என்று பார்க்கவேண்டும். பெர்த்தா அம்மையாரின் அதே இரு கேள்விகளே இவையும்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் கலை, ஒரு காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களின் வாழ்வாதாரமாகவே ஆயிற்று. 1990களின் முற்பகுதியில், போர்க்காலத் தடைகளால் அங்கே பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்தது. கிடைத்த சிறிதளவுக்கும் விலை எட்டாத உயரத்தில் நின்றது. மண்ணெண்ணெயோ ஓரளவு கிடைத்தது. மண்ணெண்ணெய் பெற்றோலினும் தடித்தது; குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாவதில்லை. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயிலே ஓடவிட்டனர். ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்களின் எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. ஆதலின் அவை இச்சோதனையைத் தாங்கின. புகை கண்ணைக் கரித்தது, எஞ்சின் தட்டியது, வழியிலே நின்றுபோனால் மீண்டும் சில துளிகள் வேண்டும். எனினும் நோயாளர் வைத்தியசாலையை அடைந்தனர். மணமக்கள் கோயிலுக்குச் சென்றனர்.

1917இல் வந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலிலே கிளம்பி மண்ணெண்ணெயிலே ஓடும்வண்ணம் அமைக்கப்பட்டதே. அங்கே தொழிற்சாலை செய்ததை இங்கே தெருவோரத்து மெக்கானிக் தம் கைத்திறத்தாற் செய்தார். பெற்றோல் எதற்காக வேண்டும், எத்தனை துளி வேண்டும், எந்நேரம் வரை வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். முதல் நிமிடத்தின் இயல்பை இதனினும் தெளிவாக விளக்கும் பாடம் வேறில்லை.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய நச்சுப் புகைமூட்டம் எஞ்சினின் வரலாற்றை வேறு திசையில் திருப்பியது. கார்கள் கக்கும் எரியாத எரிபொருளாவியும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலிலே மாற்றமடைவதால் அம்மூட்டம் உண்டாகின்றது என்று ஆரி ஹாகன்ஸ்மித் என்னும் விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். பின்னர் வந்த சட்டங்கள், எஞ்சினுக்குள் செல்லும் பெற்றோலைத் துல்லியமாக அளக்கவேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்தின. 1967இல் பொஷ் நிறுவனத்தின் மின்னணுப் பெற்றோற் பீச்சல் ஃபொக்ஸ்வாகன் காரில் வந்தது. 1976இல் வொல்வோ கார்களில், கழிவுப் புகையின் ஒட்சிசனை அளக்கும் உணரி வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்கள் யாவும் தம் குறைகளைத் தாமே குறித்துவைத்து, பொதுவான குறியீட்டிலே தெரிவிக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. இன்று நம் கார்களின் முகப்பில் ஒளிரும் மஞ்சள் விளக்கு அவ்வழி வந்ததே.

சோக் குமிழ் மறைந்தது. சாரதியின் செவி செய்த வேலை கணினியிடம் சென்றது. ஆனால் அக்கணினிக்கும் முதல் நிமிடம் கடினமே. ஒட்சிசன் உணரி சில நூறு பாகை சூடேறிய பின்னரே உண்மை சொல்லும். அதுவரை கணினி அதன் துணையின்றி, பெரும்பாலும் குளிர்நீரின் வெப்பநிலை உணரியை நம்பியே பெற்றோலை அளக்கின்றது. அவ்வுணரி பழுதுற்று, குளிர்ந்த எஞ்சினைச் சூடானது என்று அறிவித்தால், வேண்டிய பெற்றோல் கிடையாமல் எஞ்சின் தள்ளாடும். சூடேறியபின் அந்தப் பொய் உண்மையோடு ஒத்துப்போய்விடும், தள்ளாட்டமும் நீங்கிவிடும். மாலையிலே மெக்கானிக்குக் குறை தென்படாதது இதனாலேயே. காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் கணினி காட்டும் வெப்பநிலையும் வெளிக்காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாயிருத்தல் வேண்டும். இல்லையெனின் குற்றவாளி அகப்பட்டார்.

வேறு காரணங்களும் உள. இரவிலே பெற்றோற் குழாயின் அமுக்கம் இறங்கிவிடலாம். திறப்பை ஓடுநிலைக்குத் திருப்பி இரண்டு விநாடி நிறுத்தி, மீண்டும் மூடி, இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தபின் கார் நன்றாகக் கிளம்புமாயின் ஐயம் அப்பக்கமே செல்லவேண்டும். கரும்புகையும் பெற்றோல் நாற்றமும் எழுந்தால் பீச்சுகுழல் ஒழுகுகின்றதோ என்று பார்க்கவேண்டும். வெண்புகை நெடுநேரம் எழுந்து றேடியேற்றர் நீரும் குறைந்து வருமாயின், நீர் சிலிண்டருக்குள் கசிகின்றது. அதனைத் தாமதியாமற் கவனித்தல் வேண்டும். நிறைந்த பற்றறி ஓய்விலே 12.6 வோல்ற்று அளவைக் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது அது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலிற் பற்றறியையும் அதன் இணைப்புகளையும் பார்க்கவேண்டும். தேய்ந்த பிளக்கும், வெடித்த காற்றுக்குழாயும் குளிரிலேயே தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

கணினி தரும் குறியீட்டையும் அளவறிந்தே நம்பவேண்டும். ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகின்றது என்று அது கூறலாம். தவறுவதற்குக் காரணம் பிளக்கா, பெற்றோலா, காற்றா என்பதை அது கூறாது. அது நோயாளியின் முறைப்பாடு, வைத்தியரின் முடிவன்று. குறியீட்டைக் கண்டவுடன் உறுப்பை மாற்றுவோர், கெற்றரிங்கின் தீப்பொறியைப் பழித்தோரின் வழியிலேயே செல்கின்றனர்.

ஆகவே, நேயர்களே, உங்கள் கார் காலையிலே தள்ளாடுமாயின் முந்திய மாலையே அதனைக் கராஜிலே விட்டுவாருங்கள். இரவு முழுதும் அங்கே குளிரட்டும். விடிந்ததும் முதன்முறை கிளப்பும்போது மெக்கானிக் அருகில் நின்று பார்க்கட்டும், கேட்கட்டும். எவ்வுறுப்பையும் மாற்றுமுன், "இது குறையென்று எதனால் அறிந்தீர்கள்?" என்று மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் அக்கேள்விக்குக் கோபிக்கமாட்டார். தாம் கண்டதைக் காட்டி விளக்குவார்.